எஸ்மா அருங்காட்சியகம், புவெனஸ் ஐரிஸ்: வழக்குச் சான்றாக நிற்கும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்த அனுபவம்

தன் சொந்த மக்களைக் கடத்தி, வதைத்து, கொன்ற படை அதிகாரியை அந்த நாட்டின் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றமே விசாரித்துச் சிறைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் உள்ள எஸ்மா நினைவுத்தல அருங்காட்சியகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எஸ்மா என்றதும் நம்மவர்களுக்கு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கும் சட்டம் நினைவுக்கு வரக்கூடும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கடற்படை இயந்திரவியல் பள்ளி என்பதன் ஸ்பானியப் பெயர்ச் சுருக்கம் இது. 1976 மார்ச் 24 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய முப்படைத் தளபதிகளின் குழு 1983 வரை அந்நாட்டை ஆண்டபோது, இந்தப் பள்ளி வளாகத்தில் அதிகாரிகள் தங்கும் விடுதி ரகசியச் சிறையாகவும் வதைகூடமாகவும் இயங்கியது. ஏறத்தாழ 5,000 பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். மிகச் சிலரே உயிருடன் வெளியே வந்தார்கள். அந்த விடுதிதான் 2015 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நகரின் வடக்கே நூஞெஸ் என்ற பகுதியில், லிபர்த்தாதோர் பெருஞ்சாலையில் இந்த வளாகம் இருக்கிறது. சுரங்க ரயிலின் டி தடத்தில் கடைசி நிலையம் வரை சென்று, அங்கிருந்து பேருந்து பிடிப்பது எளிது. வளாகம் பெரியது; ஏறக்குறைய 17 ஹெக்டேர். சாலையிலிருந்து பார்த்தவுடன் கண்ணில் படுவது நான்கு தூண்கள் கொண்ட வெண்ணிற முகப்புடைய கட்டடம் என்பதால், வருகிறவர்களில் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதுதான் சிறை என்று எண்ணிக்கொள்வதுண்டு. அது பள்ளியின் தலைமைக் கட்டடம். சிறையாக இருந்த அதிகாரிகள் விடுதி வேறொரு மூலையில், மரங்களுக்கு நடுவே, எந்த அரசு விருந்தினர் மாளிகையோடும் ஒப்பிடத்தக்க சாதாரணத் தோற்றத்துடன் நிற்கிறது. அதன் வாயிலை மூடியிருக்கும் கண்ணாடித் திரையில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் முகங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நான் சென்றபோது நுழைவுக் கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நாட்களும் நேரங்களும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஓர் அரை நாளையாவது ஒதுக்க வேண்டும். வேறொரு சுற்றுலா இடத்துக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்ற திட்டத்தோடு வந்தால், வந்ததற்குப் பயன் இருக்காது.

இந்த அருங்காட்சியகத்தை மற்ற நினைவுத்தலங்களிலிருந்து வேறுபடுத்துவது ஒரு சட்டக் கட்டுப்பாடு. கட்டடம் இன்னும் நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்குகளின் சான்றுப் பொருள். ஆகையால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவோ, உரிந்த சுண்ணாம்பைப் பூசி மறைக்கவோ, உடைந்த தரையைச் செப்பனிடவோ காட்சியமைப்பாளர்களுக்கு உரிமை இருக்கவில்லை. வைக்கப்பட்டுள்ள பலகைகளும் ஒளிப்படத் திரைகளும் நடைமேடைகளும் எப்போது வேண்டுமானாலும் தடயமின்றி அகற்றக்கூடியவையாக அமைக்கப்பட்டிருக்கின்றன. வதைக் கருவிகளின் மாதிரிகளோ, கட்டிலில் கட்டப்பட்ட மெழுகுப் பொம்மைகளோ, அலறல் ஒலிப்பதிவுகளோ இங்கு இல்லை. பெரும்பாலான அறைகள் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த வெறுமையில் பேசுபவை நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துச் சொல்லப்பட்ட சாட்சியங்கள் மட்டுமே. 1985ஆம் ஆண்டு ராணுவத் தளபதிகள் மீது நடந்த வழக்கிலும், பிற்காலத்தில் நடந்த எஸ்மா வழக்குகளிலும் உயிர்தப்பியவர்கள் கூண்டில் நின்று சொன்ன சொற்களை, அவர்கள் குறிப்பிட்ட அதே அறையில் நின்று நாம் படிக்கிறோம், கேட்கிறோம். எழுத்தாளரின் கற்பனையோ அரசின் பிரசாரமோ கலக்க இடமில்லாத இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற சொற்கள்தாம் சுவருக்கு வரத் தகுதி பெறுகின்றன.

இதன் அருமை நன்றாகப் புரிவது, அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு இருந்த இடத்தில். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அர்ஜென்டினாவுக்கு வந்து பார்வையிடப் போகிறது என்று தெரிந்ததும், கடற்படையினர் கட்டடத்தையே மாற்றியமைத்தார்கள். வெளிநாடுகளுக்குத் தப்பியவர்கள் அதற்குள் கொடுத்திருந்த வாக்குமூலங்களில் மின்தூக்கியும் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டும் குறிப்பிடப்பட்டிருந்தன. ஆகவே மின்தூக்கி அகற்றப்பட்டது. படிக்கட்டு இருந்த வாய் அடைக்கப்பட்டது. எஞ்சியிருந்த கைதிகள் தீக்ரே ஆற்று முகத்துவாரப் பகுதியில் உள்ள ஒரு தீவுக்கு மாற்றப்பட்டார்கள். சாட்சிகள் பொய் சொல்கிறார்கள் என்று காட்டுவதே நோக்கம். பல பத்தாண்டுகள் கழித்து நீதிபதிகளே வழக்கறிஞர்களோடும் உயிர்தப்பியவர்களோடும் இந்தக் கட்டடத்தை நேரில் பார்வையிட்டபோது, அடைக்கப்பட்ட இடத்தின் தடயங்கள் அப்படியே இருந்தன. மறைக்கச் செய்த வேலையே மறைத்தவரின் குற்ற மனத்தை மெய்ப்பிக்கும் சான்றாகிவிட்டது. சான்றுகளை அழித்தல் பற்றி வகுப்பறையில் பல மணி நேரம் விளக்கினாலும் பதியாத ஒன்று, கூரையில் தெரியும் ஒரு ஒட்டுப்போட்ட கான்கிரீட் பகுதியைப் பார்த்ததும் பதிந்துவிடுகிறது.

மேல் தளத்துக்குப் போகும் வழியில் முதல் தளமும் இரண்டாம் தளமும் அதிகாரிகள் உறங்கிய அறைகள். அதற்கு மேலே, சாய்ந்த கூரைக்குக் கீழ் உள்ள பரண்தான் கைதிகள் கிடத்தப்பட்ட இடம். தலைமூடி என்று பொருள்படும் பெயரே அந்தப் பரணுக்கு வைக்கப்பட்டிருந்தது. முகம் முழுக்க மூடப்பட்டு, கையில் விலங்கும் காலில் சங்கிலியுமாக, பெயருக்குப் பதில் எண்ணோடு மாதக்கணக்கில் அவர்கள் அங்கே கிடந்தார்கள். அதே படிக்கட்டில் அதிகாரிகள் தங்கள் அறைகளுக்கு ஏறினார்கள்; அதே படிக்கட்டில் சங்கிலி ஒலிக்கக் கைதிகள் ஏற்றி இறக்கப்பட்டார்கள். இதை நேரில் பார்த்த பிறகு, எனக்குத் தெரியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது என்பது வாதமாக இல்லாமல் கட்டட அமைப்பாகவே கண்முன் நிற்கிறது. படிநிலையுள்ள ஓர் அமைப்பில் ஒருவரின் அறிவையும் பங்களிப்பையும் மெய்ப்பிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் அரசு வழக்கறிஞருக்கு உள்ள பெரிய சிக்கல். இங்கே பாதிச் சிக்கலைக் கட்டடத்தின் வரைபடமே தீர்த்துவைக்கிறது. 1978ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதியாட்டம் நடந்த ரிவர் பிளேட் அரங்கம் இங்கிருந்து நடந்தே போய்விடும் தொலைவில்தான் இருக்கிறது. அன்று எழுந்த கூட்டத்தின் ஆரவாரத்தைத் தலைமூடியோடு கேட்டவர்கள் அதைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பரணை ஒட்டியுள்ள ஒரு சிறிய அறையில் கருவுற்ற கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். இந்த இடத்தில் எப்படிக் குழந்தைகள் பிறக்க முடிந்தது என்ற கேள்வி அந்த அறையின் தரையில் எழுதப்பட்டிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் எஸ்மாவில் பிறந்தன. பெரும்பாலான தாய்மார் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. அந்த அறையில் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

அடித்தளம் வதைகூடமாக மட்டும் இருக்கவில்லை. போலி ஆவணங்கள் தயாரிக்கும் ஒளிப்படக் கூடமும் அங்கே இருந்தது. அச்சுத் தொழில் தெரிந்த விக்தோர் பாஸ்தெர்ரா என்ற கைதியை அதிகாரிகள் இந்த வேலைக்குக் கட்டாயப்படுத்தினார்கள். தங்களுக்கான பொய் அடையாள அட்டைகளுக்காக அவர்களே அவருடைய கருவியின் முன் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். கேட்டதற்கு மேல் ஒரு படியை அவர் ஒவ்வொரு முறையும் அச்சிட்டு ஒளித்துவைத்தார். பிற்காலத்தில் வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தபோது, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உடையில் மறைத்து வெளியே கொண்டுசென்றார். வதைத்தவர்களின் முகங்களும், வதைபட்டு மறைந்துபோன சிலரின் கடைசிப் படங்களும் அதில் அடக்கம். 1985 வழக்கிலிருந்து அண்மைக்கால வழக்குகள் வரை அந்தப் படங்கள் சான்றாகப் பயன்பட்டன. இத்தகைய வழக்குகளில் அரசின் ஆவணங்கள் பெரும்பாலும் எரிக்கப்பட்டிருக்கும், புனைபெயர்களே புழக்கத்தில் இருக்கும். சாட்சி நினைவில் வைத்திருக்கும் முகத்துக்கும் படையின் பதிவேட்டில் உள்ள பெயருக்கும் இடையே பாலம் போடுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இங்கே பணியாற்றிய படைவீரர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் மீதான வழக்கைத் தொடர்ந்து பார்த்தால் அருங்காட்சியகம் முழுவதும் பொருள் பெறுகிறது. நான் எடுத்துக்கொண்டது கடற்படை அதிகாரி ஆல்ஃப்ரெதோ ஆஸ்திஸ். காணாமல் போன தங்கள் பிள்ளைகளைத் தேடி மாயோ சதுக்கத்தில் கூடிய அன்னையரின் கூட்டத்துக்குள், தன் அண்ணனைத் தேடும் இளைஞன் என்ற வேடத்தில், பொய்ப் பெயரோடு 1977இல் அவர் நுழைந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில் தொடங்கி 10ஆம் தேதி வரை, அவர் அடையாளம் காட்டிய பன்னிரண்டு பேர் கடத்தப்பட்டார்கள். அன்னையர் அமைப்பைத் தொடங்கிய அசுசேனா வியாஃப்ளோர், எஸ்தெர் பாயெஸ்த்ரினோ, மரியா போன்சே, பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் அலிஸ் தோமோன், லியோனி துக்கே ஆகியோர் அதில் அடக்கம். எல்லோரும் எஸ்மாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உயிரோடு விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டார்கள்.

ஆஸ்திஸ் நீதியின் கைக்கு எட்டும் தொலைவில் பலமுறை இருந்தும் தப்பினார் என்பது இந்த வழக்கின் கசப்பான பகுதி. பிரிட்டனோடு நடந்த 1982 ஃபாக்லாந்து போரில் தெற்கு ஜார்ஜியா தீவில் பிரிட்டன் படையிடம் சரணடைந்தபோது, பிரான்சும் சுவீடனும் அவரை விசாரிக்க விரும்பின. சுவீடனுக்கு அதில் அக்கறை வரக் காரணம், 1977 ஜனவரியில் சுடப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட டாக்மர் ஹகேலின் என்ற பதினேழு வயதுச் சுவீடன் குடியுரிமைப் பெண். போர்க்கைதிகளுக்கான ஜெனிவா உடன்படிக்கையின் பாதுகாப்பில் பிரிட்டன் அவரைத் தாயகத்துக்கே திருப்பி அனுப்பியது. கைதிகளை மனிதர்களாகவே நடத்தாத ஒருவரைக் காப்பாற்றியது கைதிகளின் உரிமைக்கான சட்டம். சட்டத்தின் மீது எனக்கு இதனால் கோபம் இல்லை. அது எல்லோருக்கும் பொருந்த வேண்டியதுதான். ஆனாலும் அந்த இடத்தில் நின்று இதை நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை. 1990இல் பாரிஸ் நீதிமன்றம், கன்னியர் இருவரின் வழக்கில் அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி ஆயுள் தண்டனை விதித்தது. அவர் தன் நாட்டை விட்டு வெளியேறாதவரை அந்தத் தீர்ப்புக்கு நடைமுறையில் பொருள் இல்லை. சொந்த நாட்டின் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2011 அக்டோபர் 26 அன்று. குற்றம் நடந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த இடைவெளி எப்படி ஏற்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த இடம் சரியாகப் புரியும். இரண்டு மணி நேர நடையில் முப்பதாண்டுச் சட்டப் போராட்டத்தை எந்த அருங்காட்சியகமும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே போகிறவர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன். மக்களாட்சி திரும்பியதும், 1984இல் ராணுவச் சட்டம் திருத்தப்பட்டு, படைத்துறை நீதிமன்றம் காலம் கடத்தினால் குடிமை நீதிமன்றம் வழக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. தளபதிகள் பிறப்பித்த ஆணைகளில் குறைகாண ஏதுமில்லை என்று படைத்துறையின் உச்ச மன்றம் அறிவிக்கவே, தலைநகரின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. 1985 ஏப்ரலில் தொடங்கிய பொது விசாரணையில் 800க்கும் மேற்பட்ட சாட்சிகள் பேசினார்கள். டிசம்பர் 9 அன்று ராணுவ ஆட்சியின் முதல் தலைவர் விதேலாவுக்கும் கடற்படைத் தளபதி மசேராவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மற்ற தளபதிகளில் மூவர் குறைந்த தண்டனை பெற்றார்கள், நால்வர் விடுதலையானார்கள்.

அதற்குப் பிறகுதான் பின்வாங்கல். படையினரின் நெருக்குதலுக்குப் பணிந்து, 1986 டிசம்பரில் புதிய வழக்குகளுக்கு அறுபது நாள் கெடு வைத்த முற்றுப்புள்ளிச் சட்டமும், 1987 ஜூனில் மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்று சொன்ன கீழ்ப்படிதல் சட்டமும் வந்தன. ஆஸ்திஸ் போன்றவர்கள் வீட்டுக்குப் போனது இந்தச் சட்டத்தால்தான். 1989இலும் 1990இலும் அதிபர் மெனெம் அளித்த மன்னிப்பால் தளபதிகளும் வெளியே வந்தார்கள். 1998 ஜனவரியில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், எஸ்மா கட்டடத்தையே இடித்துவிட்டு அங்கே தேசிய ஒற்றுமைக்கான பூங்கா அமைக்க ஆணையிட்டார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்தார்கள். அன்று தண்டிக்க வழியில்லை. ஆனால் தங்கள் உறவினருக்கு என்ன நேர்ந்தது என்று அறியும் உரிமை உண்டு, அதற்கான சான்று இந்தச் சுவர்களில் இருக்கலாம் என்பதே அவர்களின் வாதம். நாம் இன்று அந்தப் பரணில் நிற்க முடிவது அந்த இடைக்காலத் தடையால்தான் என்பதை வழிகாட்டிகள் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். என் குழுவுக்கு வாய்த்தவர் அதை மிக நன்றாகச் சொன்னார்.

2003இல் நாடாளுமன்றம் அந்த இரு சட்டங்களையும் செல்லாதவை என்று அறிவித்தது. 2005 ஜூன் 14 அன்று, சிமோன் என்ற காவல்துறையாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்ட ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இதற்குப் பின்னே இருக்கிறது. 1976இல் அர்ஜென்டினாவின் தண்டனைச் சட்டத்தில் மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் என்று ஒரு பிரிவே கிடையாது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தும் சட்டம் 2007 ஜனவரியில்தான் வந்தது. அதைப் பின்னோக்கிப் பொருத்த முடியாது. ஆகவே நீதிமன்றங்கள் தண்டனையைப் பழைய சட்டத்தில் இருந்த சட்டவிரோதச் சிறைவைப்பு, சித்திரவதை, கொடுங்கொலை ஆகிய பிரிவுகளின் கீழே விதிக்கின்றன. அந்தச் செயல்கள் மக்கள் மீது திட்டமிட்டு நடத்தப்பட்ட பரவலான தாக்குதலின் பகுதி என்பதால் அவை மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்கள் என்றும், குற்றம் நடந்த காலத்திலேயே பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம் அவ்வாறே கருதியது என்றும், அதனால் கால வரம்போ மன்னிப்போ அவற்றுக்குப் பொருந்தாது என்றும் முடிவு செய்கின்றன. பின்னோக்கிய தண்டனை என்ற எதிர்ப்பு வலுவற்றது அல்ல; 2005 தீர்ப்பில் நீதிபதி ஃபாய்த் அதே காரணத்துக்காக மாறுபட்டு எழுதினார். கடத்துவதும் கொல்வதும் 1976இலும் குற்றம்தான், அதைச் செய்தவர் அறியாமல் செய்யவில்லை என்பதால் பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்பது என் எண்ணம். கைதிகளை விமானத்திலிருந்து கடலில் வீசிய மரணப் பறப்புகளில் பங்கெடுத்ததை 1995இல் தானே வெளியே சொன்ன கடற்படை அதிகாரி சிலிங்கோ, பிற்பாடு ஸ்பெயினில் வழக்குக்கு உள்ளானபோதும் இதேபோன்ற சிக்கல் எழுந்தது. 2005இல் கீழமன்றம் 640 ஆண்டுகள் விதித்தது. 2007இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் குற்றத்தின் பெயரைக் கொலை, சட்டவிரோதச் சிறைவைப்பு என்ற சாதாரணப் பிரிவுகளுக்கு மாற்றி, தண்டனையை 1,084 ஆண்டுகளாக உயர்த்தியது.

சுற்று முடியும் தறுவாயில் தரைத்தளத்தில் பொன்மண்டபம் என்று பொருள்படும் பெயர் கொண்ட கூடம் வருகிறது. கடத்தல்கள் திட்டமிடப்பட்ட இடம் அது. அங்கே இப்போது குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளின் முகங்களும் அவரவர் வழக்கின் நிலையும் ஒளிப்படங்களாக வருகின்றன. தலைமூடிக்குள் கிடந்தவர்களுக்குப் பார்க்கக் கிடைக்காத முகங்கள் இங்கே வெளிச்சத்தில் பெயரோடு தெரிகின்றன. காட்சியமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இசையோ உணர்ச்சி உரையோ தேவைப்படவில்லை. எஸ்மா வழக்குகளில் பெரியது 2012 நவம்பரில் தொடங்கி 2017 நவம்பர் 29 அன்று முடிந்தது. 789 பேருக்கு இழைக்கப்பட்ட குற்றங்கள், தீர்ப்பைக் கேட்க எஞ்சியிருந்த 54 குற்றம்சாட்டப்பட்டவர்கள். 29 பேருக்கு ஆயுள், 19 பேருக்கு 8 முதல் 25 ஆண்டுகள் வரை, ஆறு பேர் விடுதலை. அந்த ஆறு விடுதலைகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பழிவாங்கல் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியே சான்றை எடைபோட்ட நீதிமன்றத்தைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

வெற்றிப் பட்டியல் மட்டும் இது என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்மா தொடர்பாக முதலில் தனியே விசாரிக்கப்பட்ட எக்தோர் ஃபெப்ரெஸ், தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்பு 2007 டிசம்பரில் சயனைடால் இறந்துகிடந்தார். மசேரா நோயால் விசாரணைக்குத் தகுதியற்றவராகி 2010இல் இறந்தார். பெண் கைதிகள் மீதான பாலியல் வன்முறையைச் சித்திரவதையின் பகுதியாகக் கரைத்துவிடாமல் தனிக் குற்றமாகத் தண்டித்த எஸ்மா தீர்ப்பு 2021 ஆகஸ்டில்தான் வந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் சிறைக்காலத்தைக் குறைத்துக்கொள்ள வழிவகுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று 2017 மே மாதம் வந்தபோது, மாயோ சதுக்க அன்னையரின் அடையாளமான வெண்ணிறக் கைக்குட்டைகளோடு மாபெரும் கூட்டம் தெருவில் இறங்கியது. நாடாளுமன்றம் உடனே சட்டம் இயற்றிச் சரிசெய்தது.

விடுதிக்கு வெளியே, வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கும், மரணப் பறப்புக்குப் பயன்பட்ட ஸ்கைவேன் விமானத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். அமெரிக்காவில் விற்கப்பட்டுப் பறந்துகொண்டிருந்த அதை ஒரு செய்தியாளரும் ஓர் ஒளிப்படக் கலைஞரும் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதன் பறப்புப் பதிவேட்டில் 1977 டிசம்பர் 14 இரவில், நகர விமான நிலையத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பிய ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம் ஒன்று விமானிகளின் பெயர்களோடு எழுதப்பட்டிருந்தது. சாந்தா குரூஸில் கடத்தப்பட்டவர்களில் சிலரின் உடல்கள் அடுத்த சில நாட்களில் அட்லாண்டிக் கரையில் ஒதுங்கி, பெயரற்றவையாகப் புதைக்கப்பட்டிருந்தன. 2005இல் அர்ஜென்டினாத் தடயவியல் மானுடவியல் குழு அவற்றைத் தோண்டியெடுத்து, மரபணு மூலம் பெயர் கண்டது. எலும்பு முறிவுகள் உயரத்திலிருந்து விழுந்ததைக் காட்டின. பதிவேடும் எலும்பும் ஒரே கதையைச் சொன்னபோது வழக்கு உறுதியானது. அந்தப் பறப்பின் விமானிகள் இருவருக்கு 2017இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மூன்றாமவர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார். விமானம் 2023 ஜூனில் அர்ஜென்டினாவுக்குத் திரும்பி வந்தது.

குறை என்று சொல்வதானால், கட்டடத்தின் இயல்பே சிலருக்கு எல்லையாகிவிடும். சாட்சியங்கள் ஸ்பானியத்தில் பேசப்பட்டவை; அந்த மொழி தெரியாதவர்கள் வழிகாட்டியோடு செல்வது அவசியம், இல்லையென்றால் காலி அறைகளைப் பார்த்துவிட்டு வந்த உணர்வே மிஞ்சும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிர்தப்பியவர்களில் ஒரு பகுதியினர் இங்கே அருங்காட்சியகமே அமைக்கக் கூடாது, கட்டடம் வெறுமையாகவே நிற்க வேண்டும் என்று வாதிட்டார்கள் என்பதையும் அறிந்து செல்வது நல்லது. அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. பரணில் நின்றபோது திரைகளை அணைத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் சாட்சியம் கேட்காமல் அந்த வெறுமையை என்னைப் போன்ற வெளிநாட்டவரால் படித்திருக்க முடியாது.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்களின் விசாரணை அர்ஜென்டினாவில் பல நகரங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே குற்ற விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடத்தப்படுவது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் பார்வையாளராக அமரலாம். ஸ்பானியம் ஓரளவு தெரிந்தவர்கள் எஸ்மாவைப் பார்த்த அதே வாரத்தில், ரெத்தீரோ ரயில் நிலையத்துக்கு அருகே கொமொதோரோ பை சாலையில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடத்தில் விசாரணை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.